கட்டியும் கயிறும்

அந்தப் பாட்டில் ஒரு வயர் கூடையில், கத்தரிக்காய்க்கும் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் நடுவே உட்கார்ந்து வந்தது. பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இது மனுஷ உடம்பிலேர்ந்து எடுத்த சதை. சந்தைக்குப் போற கூடையிலதான் கொண்டுவரணுமா?" என்றேன்.

கூடைக்காரி கொஞ்சமும் அசரவில்லை. "அப்போ தலையில வெச்சிகினு வரட்டுமா? பஸ்ஸுல நிக்கவே எடமில்ல" என்றாள். முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும். பாட்டில் மூடியைச் சுற்றி ஒரு கந்தல் துணி. உள்ளே மஞ்சள் தண்ணீரில் பாதியாக வெட்டிய ஒரு சின்னக் கட்டி. முழுசாக இருந்தபோது சுண்டைக்காய் அளவு இருந்திருக்கும்.

"எங்க ஊட்டுக்காரருது. பெரியாஸ்பத்திரியில ஆபரேசன் பண்ண டாக்டரு குட்த்தாரு. ஆள் அனுப்ப முடியல, நீ அந்தப் பக்கம்தானே, உலகநாதன் டாக்டராண்ட சேத்துடும்மான்னாரு. இத்தப் பாத்தா அந்தாளு குடிச்சாரா இல்லியான்னு தெரிஞ்சுடுமாமே, நெசமா?"

அவள் பேர் பார்வதம். அன்றைக்கு அவளோடு சண்டையில் தொடங்கினேன், கடைசி வரைக்கும் எங்கள் சிநேகம் அந்த ரகத்திலேயேதான் இருந்தது.

எழுபத்துமூன்றாம் வருஷம், மே மாதம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து டாக்டர் உலகநாதன் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் ரோஜாச்செடி வளர்ப்பார்கள், இவர் சோதனைக்குக் கினிபிக் என்கிற கொழுத்த எலி வளர்த்தார். நான் நாகவல்லி. விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு அவருக்கு உதவியாளராக இருந்தேன். திருமுல்லைவாயிலிலிருந்து தினமும் ரயிலில் வருவேன். வீட்டில் எனக்கு மிளகாய் என்று பேர். ஏன் அந்தப் பேர் என்று கேட்டால் சண்டைக்குப் போவேன்.

பார்வதத்தின் புருஷன் கஜபதி அயனம்பாக்கத்துக்காரர். அவர் அப்பா காலம் வரைக்கும் ஏரிக்குக் கீழே கூலி வேலை. இவர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சுப் போடுகிறவர். இரண்டு வருஷமாக அவருக்கு ஒரு கோளாறு. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டும், நாக்கு குழறும், கால் பின்னும். ஒருமுறை மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மணல் குவியல் மேலேயே விழுந்து தூங்கிவிட்டார். எழுந்த பிறகு ஒன்றும் ஞாபகமில்லை. தித்திப்பாக எதையாவது தின்றால் தெளிந்துவிடுகிறது என்று அவரே கண்டுபிடித்து, சட்டைப்பையில் கடலை உருண்டை வைத்துக்கொண்டார். வாடையை மறைக்க உருண்டை தின்கிறான் என்றார்கள். சாராயக் கடைகள் ஊரெல்லாம் திறந்திருந்த நேரம் வேறு. அவர் சொன்னதை யார் கேட்பார்கள்?

வீட்டிலும் கேட்கவில்லை. பார்வதத்தின் அப்பா குடித்தே செத்தவர். குழறலும் தள்ளாட்டமும் எதனால் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஜபதியின் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள், கதவைச் சாத்தி வெளியே நிறுத்தினாள், கடைசியில் அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், இனிமேல் தொடமாட்டேன் என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லி, மணிக்கட்டில் சிவப்புக் கயிறும் கட்டவைத்தாள். குடிக்காத மனுஷன் எதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வது? சண்டை ஓயட்டும் என்று அவரும் அடித்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே பட்டறையில் மறுபடி தள்ளாடினார். அதுவரை வெறும் குடிகாரர், அதற்குப் பிறகு சாமிக்குக் கொடுத்த வாக்கையும் மீறிய குடிகாரர்.

வேலையில் குடித்திருந்தார் என்று அவரை இடைநீக்கம் செய்து விசாரணை வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். அங்கே ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்தில் இருப்பதைப் பார்த்து, வயிற்றைத் திறந்து, கணையத்தில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மயக்கம் இல்லை.

"அப்புறம் என்ன சந்தேகம்? கட்டியை எடுத்தாங்க, சரியாயிட்டார்" என்றேன் நான்.

"ஆஸ்பத்திரியில இன்னா சாராயமா ஊத்துவாங்க? ஒரு மாசமா வாயில படல, அதான் தெளிஞ்சு கீறாரு" என்றாள் பார்வதம். "கம்பெனி டாக்டரும் அத்தையேதான் சொல்றாரு. பட்டினியா கெடந்து குடிச்சாலும் சக்கர எறங்குமாமே."

அது உண்மைதான். அதனால்தான் பாட்டில் எங்களிடம் வந்தது. சாதாரணச் சாயத்தில் பார்த்தால் கட்டி என்று தெரியும், அது எதைச் சுரந்தது என்று தெரியாது. டாக்டர் அவளை உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "கணையத்துல இன்சுலின்னு ஒண்ணு சுரக்கும்மா. அது ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை இறக்கும். இந்தக் கட்டி அதை அளவில்லாமச் சுரந்திருந்தா, உங்க வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் நிஜம். சில கட்டி எதையும் சுரக்காது, சும்மா இருக்கும்."

"சொம்மா இருந்துச்சுன்னா?"

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சொம்மா இருந்தா அந்தாளு குடிச்சது நெசம்" என்று அவளே முடித்தாள். "எதுவா இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சாவணும். வேலைய உடு. ரெண்டு வருசமா நான் போட்ட சண்ட ஞாயமா இல்லியான்னு தெரிஞ்சாவணும்."

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றேன்.

"கீழ டீக்கடையில குந்திகினு கீறாரு. மேல வரமாட்டாராம். நான் சொன்னப்போ நம்பல, கண்ணாடி சொன்னா நம்புவியான்னு கேக்குறாரு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் மெலிந்த ஓர் ஆள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் கயிறு இருந்தது.

எங்கள் வேலை இப்படி. இன்சுலினை ஊசியில் ஏற்றி ஒரு கினிபிக்குக்குப் போட்டுக்கொண்டே வந்தால், அதன் ரத்தத்தில் இன்சுலினைத் தேடிப் பிடிக்கிற எதிர்ப்பொருள் உண்டாகும். அந்த ரத்தத்தின் தெளிவான நீரை, அதாவது சீரத்தை எடுத்து, மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிய திசுவின் மேல் விடவேண்டும். இன்சுலின் உள்ள இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பச்சைச் சாயம் ஏற்றிய இரண்டாவது சீரத்தை அதன் மேல் விடுவோம். அது முதல் சீரத்தைப் பிடித்துக்கொள்ளும். கழுவிவிட்டு, இருட்டறையில் புற ஊதா விளக்கு பொருத்திய நுண்ணோக்கியில் வைத்தால் இன்சுலின் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

அதோடு ஒரு காவல் உண்டு. அதே திசுவின் இன்னொரு சீவலுக்கு, ஊசியே போடாத கினிபிக்கின் சீரத்தை விட்டு, மற்றதெல்லாம் அப்படியே செய்யவேண்டும். அது இருட்டாகவே இருக்கவேண்டும். அதுவும் ஒளிர்ந்தால் முதல் சீவல் காட்டிய பச்சைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அதற்குக் கன்ட்ரோல் என்று பேர்.

கட்டியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சீவி, சீரம் விட்டுக் கழுவி முடித்தேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்ட அறை, மே மாத வெயில், விளக்கின் சூடு. டாக்டர் நெற்றி வியர்வை வில்லையில் விழாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன். சீவல் முழுக்கப் பளபளவென்று ஒளிர்ந்தது. கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சையாகத் தோன்றியது, ஆனால் நான் இருந்த குஷியில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

"சார், இன்சுலின்! மனுஷன் தப்பிச்சார்!" என்று கத்தினேன். கீழே போய்க் கஜபதியிடம் சொல்லிவிடலாமா என்று கால் துடித்தது.

"கன்ட்ரோலை வை" என்றார் டாக்டர்.

வைத்தேன். அதுவும் அதே மாதிரி பளபளவென்று ஒளிர்ந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கழுவியது போதவில்லையோ என்று மறுபடி செய்தேன். சீரம் கெட்டுவிட்டதோ என்று வேறு கினிபிக்கின் சீரத்தை எடுத்தேன். சாயம் பழசோ என்று புதுசு பிரித்தேன். எதைச் செய்தாலும் இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு ஒளிர்ந்தன. டாக்டர் என் கையைச் சந்தேகப்பட்டார், நான் அவர் விளக்கைச் சந்தேகப்பட்டேன். ஒரு கட்டத்தில் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

விசாரணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நானே வாயைத் திறந்தேன். "சார், முதல் ஸ்லைடு பச்சையாத்தானே இருக்கு. அதை மட்டும் எழுதிக் கொடுத்துட்டா என்ன? பாவம், அவர் வேலைக்குப் போகட்டும்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "அந்தப் பச்சை இன்சுலினோடதுதான்னு உனக்குத் தெரியுமா நாகவல்லி?"

"தெரியாது."

"அந்தம்மா தள்ளாட்டத்தைப் பார்த்தா, குடின்னு சொல்லிட்டா. நீ பச்சையைப் பார்த்தே, இன்சுலின்னு சொல்றே. ரெண்டும் ஒண்ணுதானே?"

அவரிடம் கோபப்பட முடியாமல் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் பார்வதம் வந்து நின்றாள். இன்னாச்சு என்றாள். "வேலை நடக்குது, தினமும் வந்து உயிரை எடுக்காதீங்க" என்று எரிந்து விழுந்தேன். அவள் கூடையிலிருந்து இரண்டு மாம்பழத்தை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, "துன்னு. கோவம் கொறையும்" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

பழத்தைத் தின்றேன். கோபம் குறையவில்லை, ஆனால் ஒன்று தோன்றியது. எந்தச் சீரமும், எந்தச் சாயமும் போடாமல் வெறும் சீவலை விளக்கில் வைத்தால் என்ன? வைத்தேன். அது தன்பாட்டுக்கு ஒளிர்ந்தது. அப்படியானால் என் கையும் குற்றமில்லை, டாக்டரின் விளக்கும் குற்றமில்லை. சதையிலேயே ஏதோ ஏறியிருக்கிறது.

டாக்டர் யோசித்தார். "ஆஸ்பத்திரியில ஊறவெச்ச திரவம் பிக்ரிக் அமிலம் கலந்தது. அதான் பாட்டில்ல மஞ்சளா இருந்தது. அது சரியாப் போகாம இருக்கும். மீதிச் சதையை எடுத்து லித்தியம் கார்பனேட் போட்ட ஸ்பிரிட்ல அலசிப் பாரு." சுரப்பிகளை அந்த மஞ்சள் திரவத்தில் வைப்பதும், அந்த மஞ்சளை இப்படிக் காரம் போட்டு அலசி எடுப்பதும் எங்களுக்கு வழக்கம்தான்.

வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கார ஸ்பிரிட்டை ஊற்றி, மெழுகில் பதிக்காமல் மிச்சம் வைத்திருந்த துணுக்கைப் போட்டு ஆட்டினேன். பிக்ரிக் மஞ்சள் என்றால் மஞ்சளாகவே கரைந்து வெளுக்கும். இது வெளுக்கவில்லை. துணுக்கைச் சுற்றி ஆரஞ்சு நிறம் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணம் சிவந்துபோயிற்று.

அந்தச் சிவப்பை நான் எத்தனை கல்யாணத்தில் கரைத்திருக்கிறேன்! மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் வருகிற ஆரத்திச் சிவப்பு. சுண்ணாம்பும் காரம், லித்தியமும் காரம், எதுவாக இருந்தால் என்ன? கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "சார், இது பிக்ரிக் இல்லை, மஞ்சள். சமையல் மஞ்சள்! யாரோ கட்டிக்கு மஞ்சள் போட்டிருக்காங்க."

டாக்டர் ஒரு துளி மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்துக் கண்ணாடியில் தடவி விளக்கில் வைத்தார். நாங்கள் ஒரு வாரமாக மாரடித்துக்கொண்டிருந்த அதே பளபளப்பு.

யாரோ என்ன யாரோ! மறுநாள் பார்வதம் படியேறும்போதே பிடித்துக்கொண்டேன். "பாட்டில்ல மஞ்சத்தூள் போட்டியா?"

அவள் திகைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. "போட்டேன். பஸ்ஸுல மூடி லூசாகிப் பாதித் தண்ணி சிந்திப் பூட்ச்சு. சத தண்ணியில்லாம கெடக்குது. ஆஸ்பத்திரியிலயே மஞ்சத் தண்ணியிலதானே போட்டு வெச்சிருந்தாங்க? அதான் ஊட்டுக்குப் போயி மஞ்சளக் கரைச்சு ரொப்புனேன். நல்ல மஞ்சளு, நானே இடிச்சது."

"அது மஞ்சத் தண்ணி இல்லை, மருந்து!"

"எனக்கு இன்னா தெரியும்? மஞ்சளா இருந்துச்சு. கறி வாங்கியாந்தா மஞ்சள் போடாம வெப்பியா நீ? இந்த வெயிலுக்கு நாறிப் பூடாது? அப்பால அது கறி மட்டுமா, அந்தாளு ஒடம்பு. மஞ்சள் போட்டா இன்னா கெட்டுப் பூடும்?"

"எல்லாம் கெட்டுப்போச்சு" என்று கத்தினேன். "மேல ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்பிரிட்ல கரைஞ்சு சதைக்குள்ள போயிடுச்சு. சதை முழுக்க ஒளிருது. கட்டி சுரந்துச்சா இல்லையான்னு இனிமே அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்."

பார்வதம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடை சாய்ந்து ஒரு தேங்காய் உருண்டு போயிற்று, அதை எடுக்கவில்லை. "அப்போ நான்தான் கெட்த்துட்டேனா?" என்றாள். "வாயில அடிச்சது பத்தாதுன்னு கையிலயும் அடிச்சுட்டேனா? அந்தாளு கேட்டா இன்னா சொல்லுவேன்?"

அதுவரை என்னோடு சரிக்குச் சரி நின்றவள் அழுததைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் அவள் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு மஞ்சள் கறை. எங்கள் வீட்டில் எப்போதும் என் தாவணிக்குத்தான் மஞ்சள் பட்டுத் தொலைக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மொட்டைமாடிக் கொடியில் வெயிலில் போட்டால் சாயங்காலம் காணாமல் போயிருக்கும்.

எழுந்து மேலே ஓடினேன். "சார், வெயில்!" என்றேன். "மஞ்சள் கறை வெயில்ல போயிடும். சீவலைக் கண்ணாடியோட வெயில்ல வெச்சா என்ன?"

"மஞ்சள் போகும். கூடவே இன்சுலினும் போயிட்டா?" என்றார் டாக்டர். அவர் அப்படித்தான். சந்தோஷத்தைச் சட்டென்று உள்ளே விடமாட்டார். ஆனால் கண் பளிச்சென்றிருந்தது. "போய் ஆட்டுக் கணையம் வாங்கிட்டு வா. முதல்ல அதுல பார்ப்போம்."

அம்பத்தூர் கறிக்கடையில் ஆட்டுக் கணையம் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எனக்குப் பழக்கம்தான். அதை அந்த மருந்துத் திரவத்தில் வைத்து, பார்வதம் இடித்த அதே மஞ்சளை வேண்டுமென்றே கரைத்து ஊற்றி, முழுசாகக் கெடுத்தோம். அது நன்றாகக் கெட்டது, விளக்கில் தகதகவென்றிருந்தது. சீவிய கண்ணாடிகளை மாடி வெயிலில் வைத்து எடுத்து, பிறகு சீரம் விட்டோம். கன்ட்ரோல் இருண்டு கிடந்தது. மற்றதில் ஆட்டின் இன்சுலின் திட்டுத் திட்டாகப் பச்சை காட்டியது. மஞ்சள் போய்விட்டது, இன்சுலின் போகவில்லை.

அடுத்து கஜபதியின் கட்டி. மெழுகில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சீவி, கண்ணாடியில் ஒட்டி, மாடிக்குக் கொண்டு போனேன். அங்கே பார்வதம் முன்னாடியே வந்து, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு?"

"காக்கா வருமே."

"அது கண்ணாடி. வடகம் இல்லை."

"காக்காவுக்கு அதெல்லாம் தெரியுமா? நீ போயி வேலையப் பாரு."

நிழல் வந்த பக்கமெல்லாம் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு பகல் முழுக்க அந்த வெயிலில் கிடந்தாள். பட்டறைப் பக்கமிருந்து புகை வந்தால் முந்தானையால் விசிறினாள். மோர் கொடுத்தேன், ஒரு கையால் வாங்கிக் குடித்தாள், குச்சியைக் கீழே வைக்கவில்லை. வெயில் இறங்கியதும் தட்டை ஏந்திக்கொண்டு வந்து தந்தபோது அவள் முகம் கறுத்துப்போயிருந்தது. வெறும் சீவல் ஒன்றை முதலில் விளக்கில் வைத்தேன். இருட்டு. வாழ்க்கையில் இருட்டைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

சீரம் விட்டு ஊறவைத்தோம். மறுநாள் கழுவி முடித்து டாக்டர் நுண்ணோக்கியில் உட்கார்ந்தபோது, பார்வதம் கதவுக்கு வெளியே நின்றாள். கன்ட்ரோலைத்தான் அவர் முதலில் கேட்டார். வைத்தேன். கறுப்பு. அடுத்ததை வைத்தேன். அவர் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், சொல்லுங்களேன்!"

"நீயே பாரு" என்று நகர்ந்தார்.

கறுப்புக்கு நடுவே பச்சை. பழைய மஞ்சள் பூச்சு இல்லை, சுத்தமான பச்சை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பொடிப்பொடியாக, கட்டி முழுக்க இன்சுலின். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த சாதாரணத் திசு இருண்டு கிடந்தது. மறுபடி ஒருமுறை தனியாகச் செய்து பார்த்து, அதுவும் அப்படியே வந்த பிறகுதான் டாக்டர் அறிக்கை எழுதினார். அதை வைத்துக்கொண்டு கம்பெனி இழுத்தடித்து இழுத்தடித்து, கடைசியில் கஜபதியை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதெல்லாம் அப்புறம் நடந்தது.

அறிக்கை தயாரான அன்றைக்குப் பார்வதத்தை இருட்டறைக்குள் கூப்பிட்டேன். "வா, நீயே பாரு."

முதலில் அவளுக்குத் தன் கண்ணிமை முடிதான் தெரிந்தது. "இன்னாம்மா, வெறும் மசிரா கீது" என்றாள். முகத்தைப் பிடித்துச் சரியாக வைத்தேன். கன்ட்ரோலைக் காட்டினேன். "இது ஊசி போடாத எலியோட ரத்தத் தண்ணி விட்ட சதை. இருட்டா இருக்கா? இப்படித்தான் இருக்கணும்." அப்புறம் மற்றதை வைத்தேன்.



"இந்தப் பச்சையா?"

"அதுதான். அந்தக் கட்டி சுரந்தது. அதனாலதான் உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்குச்சு. அதனாலதான் தள்ளாடினார், குழறினார், திட்டினார்."

"மஞ்சள் இல்லியே?"

"மஞ்சள் இல்லை. நீதானே காக்கா ஓட்டினே."

"சாராயம்?"

"சாராயத்துக்கு இதுல வேலையே இல்லை."

வெகுநேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை. விளக்கு வீணாகிறதே என்று வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது. "நான் வெச்சுகினு வந்தேனே, அந்தக் கூடையில... நெசம் அதுக்குள்ளயே இருந்துகீது" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஒன்னாண்ட கத்திரிக்கோல் கீதா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"குடேன்."

திசு வெட்டுகிற சின்னக் கத்திரிக்கோலைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, பின்னாலேயே ஓடினேன்.

கஜபதி எப்போதும் போல டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் போன வேகத்தைப் பார்த்து, அடிக்க வருகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து நின்றுவிட்டார். பார்வதம் அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, மணிக்கட்டுக் கயிற்றுக்குள் கத்திரிக்கோலை நுழைத்தாள்.

"இன்னாமே பண்றே? சாமி குத்தம் ஆயிடும்" என்று அவர் கையை இழுத்தார்.

"அது குடிக்கிறவனுக்குக் கட்டுனது" என்றாள் பார்வதம். "ஒனக்கு இன்னாத்துக்கு?"

கத்தரித்தாள். அழுக்கேறி இறுகிப்போயிருந்த கயிறு லேசில் வரவில்லை, இரண்டு மூன்று தரம் கத்திரி போட வேண்டியிருந்தது. கஜபதி அசையாமல் நின்றார். கயிறு விழுந்த பிறகும் கையை நீட்டியபடியே நின்றார். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அதை ஒரு தடவை தடவிப் பார்த்தார், அப்புறம் அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பார்வதம் கத்திரிக்கோலை என்னிடம் நீட்டிவிட்டு, பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.